இங்கிலீசில் நான் செத்த கதை

மாமாவின் மகன் வாசித்து முடித்துவிட்டுத் தந்த இங்கிலீசுப் புத்தகம் அது. அதில் கதை நேராகப் போகாது. மாயக்காட்டுக்குள் போகும் வீரன் வாசிக்கிற ஆள்தான். இடப்பக்கக் கதவு என்றால் ஒரு பக்கத்துக்கும், வலப்பக்கக் கதவு என்றால் இன்னொரு பக்கத்துக்கும் போகச் சொல்லிக் கீழே எண் போட்டிருக்கும்.

எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பதினைந்து, பள்ளிக்கூடத்தை அப்போதே விட்டிருந்தாள். அரைகுறை இங்கிலீசில் வாசித்து அவள் தமிழில் சொல்வாள், கதவை நான் தெரிவு செய்வேன். அவள் சொல்கையில் செட்டை முளைத்த முதலையொன்று எங்கள் ஆரையம்பதி வாவிக்குள் இருந்து எழும்பி நெருப்புக் கக்கும்.

"ஒழுங்கா வாசிக்காம ஏன் புள்ள பிரட்டிப் பிரட்டிக் கிழிக்கிறீங்க?" என்று அம்மா ஏசுவாள்.

நான் சொல்லாமல் அந்தக் கதை நகராது என்பதுதான் எனக்குப் பிடித்தது. எந்தப் பக்கம் போவோம் என்று வேறு யாரும் என்னைக் கேட்டதில்லை. கதையில் வரும் சண்டைக்கெல்லாம் லூடோக் கட்டை உருட்ட வேண்டியிருந்ததுதான் பிடிக்கவில்லை. எனக்கு எப்போதும் ஒன்றுதான் விழும்.

மூன்று கிழமையில் ஒரு வாளும் இரண்டு சாவியும் சேர்த்துவிட்டேன். மலையுச்சியில் சிறைப்பட்ட சனத்தை மீட்க ஒரு பாலம்தான் மிச்சம். அன்றைக்குப் பார்த்து மாமாவின் மகன் வந்து, அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"பாலம் உடைஞ்சி இவ செத்திட்டா. முதல்ல இருந்து தொடங்கணும்."

"நான் சாகல்ல!"

"எழுதிக் கிடக்கு, பாருகா. இந்தப் புத்தகத்தில இதான் பிழை. பாதிக் கதவு திறந்தாச் சாவுதான். நானே ஏழுதரம் செத்தனான்."

வாளும் சாவியும் போய்விடும் என்று நான் மண்ணில் விழுந்து அழுதேன்.

அக்கா அவனைப் பார்த்துச் சொன்னாள். "அவ இங்கிலீசிலதான் செத்திரிக்கா. தமிழில சாகல்ல. நீ போய் உன்ட வேலயப் பாரு மச்சான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எத்தினைக்குப் போவம் புள்ள? நீ சொல்லு."

போகவேண்டிய பக்க எண்ணை மறந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். வாய்க்கு வந்தபடி நாற்பத்தொன்று என்றேன். அங்கே ஒரு தோணியின் படம் இருந்தது. விழுந்த என்னைத் தோணிக்காரன் தூக்கிவிட்டானாம். பொழுதுபட முன்னம் சனமெல்லாம் மலையிறங்கிவிட்டது.

இப்போது அக்கா செத்து ஐந்து மாதம். அவளுடைய மகள் என்னோடுதான் படுக்கிறாள். அவளுக்குச் சொல்வதற்காக அந்தப் புத்தகத்தை எடுத்து, தெரியாத சொற்களைப் போனில் தட்டித் தட்டி வாசித்தேன். பாலம் உடைகிற பக்கத்தில் போகச் சொல்லும் எண்ணே இல்லை. உன் பயணம் இத்தோடு முடிந்தது என்று மட்டும் இருக்கிறது. மறக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நேற்று அக்காவின் மகளும் அதே பாலத்தில் கால் வைத்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எத்தினைக்குப் போவம் புள்ள?"

"நம்பர மறந்திட்டீங்களா சின்னம்மா?" என்று சிரித்தாள்.

"ஓம் புள்ள, மறந்திட்டன். நீ சொல்லு."