உம்மாட்ட சொல்லு

என் உம்மாவும் வாப்பாவும் நேருக்கு நேர் கதைத்து நான் கேட்டதே இல்லை. பிரிந்திருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே கூரை, ஒரே சட்டிச் சோறு. வாப்பா ஹோலில் இருந்தபடி, "மகள், தேத்தண்ணி தரச் சொல்லி உம்மாட்ட சொல்லு" என்பார். குசினிக்குள் இருந்து, "சீனி முடிஞ்சி எண்டு வாப்பாட்ட சொல்லு புள்ள" என்று உம்மா சொல்வார். நடுவில் ஒரே பிள்ளை நான்.

காரணம் ஊருக்கே தெரியும். வரிப்பத்தான்சேனையில் உம்மாவுக்குச் சீதனமாக வந்த வயலை, வேறேதோ கடதாசி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, வாப்பா விற்றுவிட்டார். அப்போது நான் கைக்குழந்தை. உம்மா வீட்டை விட்டுப் போகவில்லை. ஒரு நாள்கூட ஆறின சோறு வைத்ததில்லை. அவரோடு கதைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நான் கெட்டிக்காரத் தூதுக்காரி. "அந்த மனிசனுக்குக் கண் தெரியாதா, மேசையிலதானே கிடக்கு!" என்று உம்மா எரிந்து விழுந்தால், "மேசையில வெச்சிருக்காம் வாப்பா" என்று சீனி போட்டுக் கொடுப்பேன். வாப்பாவின் முறைப்பும் என் வாயில் கனிந்துதான் குசினிக்குப் போகும். சிநேகிதிகளின் வீட்டில் உம்மாவும் வாப்பாவும் சிரித்துக் கதைப்பதைப் பார்த்துப் பொருமிக்கொண்டு வருவேன். எனக்கும் அப்படியொரு குறையில்லாத சோடி வேண்டும் என்று, ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் நானே ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அந்தச் சோடி என் வாயைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டை என் பேருக்கு எழுதித்தான் கலியாணம் முடித்து வைத்தார்கள். அதிலேயே எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பிறகு கணவரோடு கத்தாருக்கு வந்தேன். இனிக் கதைக்காமல் எங்கே போவார்கள் என்று உள்ளூரச் சந்தோசம். எங்கே! வட்ஸ்அப்பில் வாப்பாவின் குரல் வந்தது: "மகள், வாசலுக்கு மீன்காரன் வந்திருக்கான், உம்மாட்ட சொல்லு." எங்கள் ஊர் சாய்ந்தமருதில் நிற்கிற மீன்காரனின் சேதி தோஹாவுக்கு வந்து, சாய்ந்தமருதுக்கே திரும்பிப் போனது.

போன வருடம் வாப்பாவுக்கு இருதய ஒப்பரேசன். முதல்நாள் ஆஸ்பத்திரியிலிருந்து குரல் வந்தது. வழமையான அதட்டல் அதில் இல்லை. "மகள், நாளைக்கு என்ன நடக்குமோ அல்லாஹ்தான் அறிவான். அந்த வயல் விசயத்துல என்னப் பொருந்திக்கச் சொல்லி உம்மாட்ட சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டில் ஓரத்தில்தான் உம்மா இருக்கிறார். அவர் ஓதுகிற சத்தம் பின்னால் எனக்கே கேட்கிறது. "மன்னிப்புக் கேக்கவும் நான்தானா வாப்பா? நீங்களே கேளுங்க!" என்று கத்திப் பதிந்தேன். அனுப்ப மனம் வரவில்லை. அதை அழித்துவிட்டு, அவருடைய குரலை உம்மாவுக்கு அனுப்பினேன்.

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தேன். யா அல்லாஹ், இப்படியே வாப்பா போய்விட்டால்?

கடைசியில் உம்மாவின் குரல் வந்தது. "பொருந்திட்டன் எண்டு சொல்லு புள்ள. ஆனா அந்த வயல நான் மறக்கல்ல, மறக்கவும் மாட்டன். அதையும் சொல்லு."

முதல் பாதியை மட்டும் என் வாயால் சொல்லிவிட நாக்குத் துடித்தது. பழகின நாக்கல்லவா! ஆனால் அது உம்மா தந்த மன்னிப்பாக இராது. நான் சோடித்ததாகத்தான் இருக்கும். குறையோ நிறையோ, அவர்களுடையது அவர்களுக்கே போகட்டும் என்று முழுவதையும் அனுப்பினேன்.

வாப்பாவின் பதில் உடனே வந்தது. அழுதிருந்தார். "ஓம், அது ஞாயந்தான் எண்டு உம்மாட்ட சொல்லு."

ஒப்பரேசன் சுகமாக முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலையில், "கஞ்சியில உப்பில்ல எண்டு உம்மாட்ட சொல்லு" என்றார். ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினேன். உம்மாவிடமிருந்து வந்ததையும் அப்படியே அனுப்பினேன்.

"உப்பக் கொறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னவரு. எனக்கு அந்த மனிசன் உசிரோட வேணும் எண்டு வாப்பாட்ட சொல்லு."