வயிறு என்று சொன்னேன்

கோபம் யார் மீது என்று கேட்டால், முதலில் என் மீதுதான். மற்றவர்களுக்கும் பங்கு வைத்திருக்கிறேன்.

இங்கே இத்தாலியில், பொலிதேயாமா பக்கம் ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலை எனக்கு. ஏழு வருடமாக அவரைக் குளிப்பாட்டித் துடைத்து, எங்காவது புண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். உடம்பில் உள்ள அத்தனைக்கும் இத்தாலியச் சொல் தெரியும். "சிஞ்ஞோரா, உங்கள் அப்பாவின் விதை வீங்கியிருக்கிறது" என்று அவருடைய மகளுக்குப் பஸ்ஸில் நின்றபடியே போனில் சத்தமாகச் சொன்னவள் நான். கூச்சம் என்று ஒன்று வரவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிய, பன்னிரண்டு வயது மகன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, கீழை நோகுது" என்றான். காட்டச் சொன்னேன். போர்வையை இறுக்கிப் பிடித்தான். தகப்பன் மொண்டெல்லோவில் உணவக வேலைக்கு வெள்ளெனவே போய்விட்டார். அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஆம்பிளைப் பிள்ளையின்ரை விசயம். ஊருக்கெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியாதை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ."

அல்பெர்கேரியாவில் எங்கள் ஒழுங்கைக்குள் கார் வராது. தெருமுனை வரைக்கும் என் தோளில் தொங்கியபடி, காலை அகட்டி அகட்டி நடந்தான். எட்டு மணிக்கு அவசரப் பிரிவில் நின்றோம். எங்கே நோகிறது என்று மேசையில் இருந்த தாதி கேட்டாள். வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னக்கா, தம்பிக்கு என்ன?"

எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். இருமுகிற குழந்தையோடு வரிசையில் நிற்கிறாள். அவளுக்கும் என்னளவு இத்தாலியன் தெரியும். அவள் காதில் விழுந்தால் ஞாயிறு பூசை முடியுமுன் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"பான்சா" என்றேன். வயிறு.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

தாதி காய்ச்சல் பார்த்தாள், எழுதினாள், காத்திருக்கச் சொன்னாள். அந்த நடையைப் பார்க்க அவளுக்குக் கண் இல்லையா? ஒருதரம் படுக்க வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்? பாட்டுக்காரி எங்களுக்கு முன்னமே உள்ளே போய் வந்து, "இஞ்சி அவிச்சுக் குடுங்கோ அக்கா, சுகமாயிடும்" என்றாள். ஓம் என்றேன். அந்த ஓமுக்காக என் வாயில் நானே அடிக்க வேண்டும். அவள் போன பிறகாவது எழும்பிப் போய் உண்மையைச் சொன்னேனா? சொன்னதை மாற்றினால் என்ன நினைப்பார்கள் என்று கதிரையிலேயே இருந்தேன்.

மத்தியானம் கடந்து அவன் வாந்தி எடுத்தான். இளம் பெண் டாக்டர் ஒருத்தி ஓடிவந்தாள். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் அவனைக் கட்டிலில் கிடத்தி, உடுப்பை விலக்கிப் பார்த்தாள். சுவரோரம் சில்லுப் பூட்டி நின்ற ஒரு பெட்டியைக் கட்டிலடிக்கு இழுத்தாள். காலையிலிருந்து என் முகத்துக்கு நேரே நின்ற பெட்டி. ஏதோ சின்ன டிவி என்றே நினைத்திருந்தேன். அது ஸ்கான் மெஷின்.

அதன் முனையை நல்ல பக்கத்தில் வைத்தாள். திரையில் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. இரத்தம் ஓடுகிறது என்றாள். மற்றப் பக்கத்தில் வைத்தாள். சாம்பல் நிறம் மட்டும்தான். விதை முறுக்கிக்கொண்டு இரத்தம் நின்றுவிட்டது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் ஐந்து மணித்தியாலம் அதற்கு முன்னால் குந்தியிருந்தோம்.

ஒப்பரேஷன் முடிந்து சத்திரசிகிச்சை டாக்டர் வெளியே வந்தார். காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டோம் என்றார். மற்றதும் முறுக்கிக்கொள்ளாதபடி தைத்துவிட்டிருக்கிறார்களாம். பிறகு கேட்டார், ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிந்தவில்லை! எட்டு மணியிலிருந்து இங்கேதான் இருந்தோம்! ஒருவரும் பார்க்கவில்லை!" என்று கத்தினேன். அவர் கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பினார். அதில் பான்சா என்று எழுதியிருந்தது.

அடுத்த கிழமை கிழவரைக் கழுவும்போது, அங்கே நோகிறதா என்று வழக்கம்போலப் பெயர் சொல்லியே கேட்டேன். இல்லை என்றார். எண்பத்தாறு வயது. தோய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மகனுக்குப் புண் ஆறிவிட்டது. எங்காவது நொந்தால் இப்போது தகப்பனிடம் சொல்கிறான்.