கனடா விலையில் ஒரு பனிவண்டி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. சிஞோராவின் சமையலறையில் கோப்பி பொங்குகிறதா என்று பார்க்கிறவனுக்கு அடுப்புக்கு மேலே தொங்கும் மணிக்கூடும் கண்ணில் படும். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது.

நான் வேலை செய்யும் வீட்டுக்காரியை, இத்தாலிய வழக்கப்படி, சிஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அன்று அவருடைய தம்பி வந்து மேசையருகில் இருந்தார். பலேர்மோவிலிருந்து உள்ளே போனால் வருகிற மதோனியே மலைகளில், உச்சிக்குக் கிட்ட, அவருக்கு ஒரு விடுதி உண்டு. குளிர்காலத்தில் அங்கே பனி விழும். சிசிலியில் பனியா என்று ஊரிலிருப்பவர்கள் நம்பாமல் கேட்பார்கள். விழும். பாதை மூடுகிற அளவுக்கு விழும். அந்த நாட்களில் விருந்தினரையும் பாலையும் பாணையும் மேலே ஏற்றிப்போக அவருக்குப் பனிவண்டி வேண்டும். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான ரப்பர் பட்டி, ஸ்கூட்டர் போல ஏறி இருந்து ஓட்டுகிற வண்டி அது. பழைய வண்டிகள் இரண்டும் படுத்துவிட்டன, புதிதாக இரண்டு வாங்கவேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்று அக்காவிடம் முறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் கோப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னேன், கனடாவில் அதே வண்டி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று.

அவர் கோப்பையை வாயருகில் நிறுத்தினார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் கையைத் துடைத்துவிட்டுப் பெருமையோடு கைபேசியை எடுத்துக் காட்டினேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுமத்தில் டொரொன்டோ இருக்கிறது, பாரிஸ் இருக்கிறது, லண்டனும் மன்னாரும் இருக்கின்றன, பலேர்மோ சார்பில் நான் இருக்கிறேன். பெரிதாகக் கதைக்க ஒன்றும் இல்லாத நாட்களில் நாங்கள் விலை கதைப்போம். யாராவது ஒரு கட்டு முருங்கைக்காயைப் படம் எடுத்து விலையோடு போட்டால் போதும். பாரிஸ் தன் விலையைச் சொல்லும். லண்டன் அதை மறுக்கும். மன்னார் சிரிக்கும். குறைந்த விலைக்கு வாங்கியவருக்குப் பரிசு எதுவும் இல்லை. கூடிய விலை கொடுத்தவர் மட்டும் அன்று முழுக்க அனுதாபம் வாங்குவார். முருங்கைக்காய், கைபேசி, பல் கட்டுவது, கலியாண மண்டபம் என்று நாங்கள் ஒப்பிடாத விலை இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, என் மகள் வேலை செய்யும் கடையின் கண்ணாடிக்குள் ஒரு பனிவண்டி பளபளத்துக்கொண்டு நின்றது. விலைச்சீட்டும் தெரியும்படி படம் எடுத்துக் குழுமத்தில் போட்டேன். கனடாவில் இருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அதே வண்டியின் அங்குள்ள விலையைத் தேடிப் பிடித்துப் போட்டு, அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்.

அந்தப் படத்தைத்தான் சிஞோராவின் தம்பி இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் கைபேசியில் ஒரு கடையை அழைத்தார். இன்று பின்னேரம் கையெழுத்துப் போட வரவில்லை, கொஞ்சம் யோசிக்க வேண்டும், அந்தச் சுருட்டைமுடிப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

பலேர்மோவில் பனிவண்டி வாங்குகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பனிவண்டி விற்கும் கடைதான் எத்தனை? இந்தக் கேள்விகள் எனக்கு ஒன்பது நாற்பத்தொன்றுக்குத்தான் தோன்றின.

மகளின் கடை போர்கோ வெக்கியோ பகுதியைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போகும் பக்கம் இருக்கிறது. வருடம் முழுக்க ஸ்கூட்டரும் கடலில் ஓடும் மோட்டார்களும் விற்பார்கள். குளிர்காலத்தில் மட்டும் ஒன்றிரண்டு பனிவண்டி. அவள் அங்கே பரீட்சார்த்தமாகச் சேர்ந்திருந்தாள். மலையில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் இரண்டு வண்டி கேட்டிருக்கிறார், அந்த விற்பனையை நீயே முடித்தால் நிரந்தரமாக எடுக்கிறேன், முடியாவிட்டால் வருடக் கடைசியோடு நிற்கவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். இது வீட்டில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலை விடுதிக்காரர் என்று அவள் சொன்னபோது என் மனதில் வந்தவர் தாடியும் தடித்த சப்பாத்துமாக ஒரு முரட்டு ஆள். சிஞோராவின் தம்பியோ பாதாம் இனிப்புப் பெட்டியோடும் தும்மிக்கொண்டே இருக்கும் நாயோடும் வருகிறவர். இருவரையும் ஒருவராக நினைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

நானும் மனைவியும் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துத்தான் மகளைக் கணக்கியல் படிப்பித்தோம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்தபின் வேலை கிடைக்காமல், தாயோடு சேர்ந்து மாடிப்படி கழுவ அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போன மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

துணி காயப்போடும் சாட்டில் மாடத்துக்குப் போய் மனைவியை அழைத்து, குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னேன்.

“இந்த ஊரில பனிவண்டி விக்கிற ஒரே தமிழ்ப் பிள்ளை எங்கட பிள்ளை,” என்றாள். “அதைக் கெடுக்க வெளியில இருந்து ஆள் வரத் தேவையில்லை எண்டு காட்டிப்போட்டியள்.”

அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில் எங்கள் வீடு சந்தைக்கு மேலே. பின்னேரம் மகள் வந்தபோது கீழே மீன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சத்தம் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அப்பா, நான் ஒரு மாதமா அந்தாளோட கதைச்சனான்,” என்றாள். “நீங்க ஒரு கோப்பியில முடிச்சிட்டியள்.”

பிறகு, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, கடையின் கதையைச் சொன்னாள். ஆட்கள் வருவார்களாம். வண்டியில் ஏறி இருப்பார்கள், கைப்பிடியை முறுக்குவார்கள், பிள்ளையை ஏற்றிப் படம் எடுப்பார்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிறகு எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவில் விலை குறைவு என்று அங்கே போய் வாங்கி, இழுவைப் பெட்டியில் ஏற்றி, கப்பலில் கொண்டுவந்துவிடுவார்கள். முதல் பழுது வந்ததும் கடை வாசலில் நிற்பார்கள். முன்பு அந்தக் கடையில் விற்பனைக்கே தனியாக ஆட்கள் இருந்தார்களாம். இப்போது முதலாளி, ஒரு மெக்கானிக், இவள்.

“இவ்வளவு நாளும் ஆஸ்திரியாதான் பிரச்சினை. இப்ப நீங்க கனடாவையும் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்.”

நான் போய் அவரிடம் கதைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“பஸ்தா, போதும் அப்பா. நீங்க ஒண்டும் செய்யாதேங்கோ.”

செய்யாமல் இருக்க எனக்கும் ஆசைதான். வியாழக்கிழமை சிஞோராவின் தம்பி மறுபடி வந்து, கனடாவுக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துத் தா என்றார். சிஞோராவின் தம்பிக்கு இல்லை என்று சொல்வது எப்படி? எடுத்தேன். அங்கே விடியவில்லை. மச்சான் போர்வைக்குள் இருந்து முகத்தை மட்டும் நீட்டினார். இவர் இத்தாலியனில் கேட்க நான் தமிழில் சொல்வது, அவர் தமிழில் சொல்ல நான் இத்தாலியனில் சொல்வது என்று ஏற்பாடு.

இரண்டு வண்டியை அங்கிருந்து அனுப்ப முடியுமா என்று சிஞோராவின் தம்பி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“இதென்ன பெரிய வேலை,” என்றார் மச்சான். “என்ர பேரில எடுத்து கொன்டெய்னரில ஏத்திவிடுறன். நாங்கள் அனுப்பாத பெட்டியா?”

உண்மைதான். அரிசி அவிக்கும் மின்பானையிலிருந்து தையல் மெஷின் வரை எங்கள் ஆட்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பாத பொருள் இல்லை. பனிவண்டியை அவர் கொஞ்சம் பெரிய மின்பானையாகத்தான் பார்த்தார். ஆனால் அந்தச் சமையலறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன். கடவுளாகப் பார்த்துத் தந்த சந்தர்ப்பம் என்று நினைத்தேன். மிகவும் சிக்கலான காரியம் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். சுங்கம் இருக்கிறதாம், வரி இருக்கிறதாம், கொன்டெய்னர் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடக்குமாம், பிறகும் சுங்கம் இருக்கிறதாம், தனக்கு முதுகுவலி வேறாம். சுங்கம் என்ற சொல்லை இடம் கிடைத்த இடமெல்லாம் செருகினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். கனடா போவதற்கு முன் மச்சான் பலேர்மோவில் ஒரு உணவகச் சமையலறையில் சில வருடம் வேலை செய்தவர்.

“நோ, நோ. ஃபாச்சிலே, ஃபாச்சிலே,” என்று திரைக்குள் இருந்து குரல் வந்தது. சுலபம், சுலபம் என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “அத்தான், நான் சொன்னது அதில்லையே,” என்றார், பாவம், உண்மையான குழப்பத்தோடு.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. மச்சானுக்குத் தெரிந்தது சமையலறை இத்தாலியன், எல்லாமே கட்டளை. எடு, வை, சீக்கிரம், சூடாக. அந்தச் சொற்களை வைத்தே ஒரு பனிவண்டி வியாபாரத்தை அவர் கொண்டுபோனார். சிஞோராவின் தம்பிக்கு அவரைப் பிடித்துவிட்டது. இலக்கத்தை வாங்கிக்கொண்டார். நான் நின்று பாத்திரம் கழுவினேன். ஏற்கெனவே கழுவின பாத்திரம்.

வெள்ளிக்கிழமை குழுமத்தில் மச்சானின் நீண்ட குரல்செய்தி வந்தது. அவர் அங்கே கடைக்குப் போயிருக்கிறார். இரண்டு வண்டி என்றதும் கடைக்காரர் விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டாராம், வண்டி நாட்டைவிட்டுப் போகாது என்று எழுதித் தரச் சொன்னாராம். எல்லை தாண்டினால் உத்தரவாதம் இல்லை, தெரிந்தால் கம்பெனி கடைக்கு வண்டி கொடுப்பதையே நிறுத்திவிடும் என்றாராம். கனடாக் காசு இறங்கினால் அமெரிக்கர்கள் இழுவைப் பெட்டிகளோடு வந்து அள்ளிப்போவார்களாம், அப்போது அமெரிக்கப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்களாம். காசு ஏறினால் கனடாவில் இருப்பவர்கள் அங்கே போவார்களாம், இவர் ஈ ஓட்டுவாராம். மகளின் முதலாளியைப் போல அங்கேயும் ஒருவர் இருக்கிறார் என்று கேட்க எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. ஆனால் செய்தி அதோடு முடியவில்லை. “என்னைக் கடத்தல்காரன் மாதிரிப் பார்த்தான் அத்தான். விடமாட்டன். வேற கடையள் இருக்கு,” என்று முடித்திருந்தார்.

சனிக்கிழமை மனைவி இறைச்சி ரோல்ஸ் பொரித்து ஒரு பெட்டியில் போட்டுத் தந்தாள். மகள் சொன்னதை மீறி, நான் கடைக்குப் போனேன். பிழை என்னுடையது, பிள்ளையுடையது அல்ல என்று முதலாளியிடம் சொல்லவேண்டும் என்பது மட்டுமே என் திட்டம்.

மகள் என்னைக் கண்டதும் கணினிக்குள் முகத்தைப் புதைத்தாள். “அப்பா, வீட்ட போங்கோ,” என்றாள், திரும்பாமல்.

முதலாளி பருத்த மனிதர், கடைக்குள்ளும் மேலங்கியோடு இருந்தார். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனங்களைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஒரு ரோலை எடுத்துக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்று எடுத்தார். என் மீது கோபம் இல்லை என்றார். மே மாதம், ஊரே கடலில் குளிக்கப் போகும்போது, தான் பனிவண்டிக்கு முற்பணம் கட்டுவதாகவும், வடக்கே இருக்கும் இறக்குமதிக்காரர் தனக்குக் கொடுக்கும் விலைக்கே ஆஸ்திரியாவில் வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள் என்றும் சொன்னார். எந்த விலைக்குப் போட்டி போட? உங்கள் மகள் கெட்டிக்காரி. ஆனால் இந்த இரண்டும் போகாவிட்டால் அவளுக்குக் கொடுக்கச் சம்பளம் இருக்காது. அதைக் கோபமாக எடுக்காதீர்கள். இதையெல்லாம் வாயில் ரோலோடு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

நான் மகளிடம் போய், விடுதிக்காரருக்கு விலையைக் கொஞ்சம் குறைத்து எழுதினாயா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை என்றாள். குறைத்தால் கனடாவை எட்டாது, கடையும் தாங்காது. வண்டி மலையில் நின்றால் அன்றைக்கே எங்கள் மெக்கானிக் மேலே வருவார், அதுவரை ஓட இரவல் வண்டி தருவோம் என்று மட்டும் நேற்று எழுதினாளாம். பதில் வரவில்லை.

“அவ்வளவும்தானோ?”

“அவ்வளவும்தான் எங்களிட்ட இருக்கு, அப்பா.”

நான் புறப்படத் திரும்பியபோது கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நாய் வந்து தும்மியது. பின்னால் சிஞோராவின் தம்பி. என்னைக் கண்டு புருவத்தை உயர்த்தி, இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டார். என் மகள் என்றேன். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு ரோலை எடுத்தார். மகளுக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்து, அதை முழுவதும் தின்று, விரல்களைத் துடைத்தார். முதலாளி அசையவில்லை.

“கனடாக்காரரிடம் நேற்றுக் கேட்டேன்,” என்றார் மகளிடம். “பனிக்குள் பட்டி அறுந்தால் யார் வருவார்கள் என்று. தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆகஸ்டில் விடுமுறையாம். ஆகஸ்டில் என் மலையில் மாடுதான் மேயும், சிஞோரினா. பேனாவைத் தாருங்கள், இரண்டுக்கும்.”