காபிக் கோப்பை அளவுக் குழி

ஆர்டிஸ் ஸ்டென்சனுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று, அடுப்பை அணைக்க வேண்டும் என்பது போயிற்று. போய்த் தொலைய வேண்டிய ஒன்று மட்டும் போகவே இல்லை. தன் கல்யாண மோதிரத்தைப் புருஷன் ஹார்லன் விற்றுப் படகுக்கு மோட்டார் வாங்கிவிட்டார் என்பதுதான் அது.

மோதிரம் காணாமல் போனதும் மோட்டார் வந்ததும் ஒரே கோடையில். நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உருளைக்கிழங்கு தோண்டும்போது விரலிலிருந்து கழன்றுவிட்டது என்று அன்றைக்கு அவளே சொல்லி அழுதாள். இரண்டு பேரும் மண்டியிட்டு மண்ணை அளைந்தார்கள். அதெல்லாம் இப்போது அவளுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் காபி குடிக்கக் கூடும்போது வெறும் விரலைக் காட்டி, "இவர் வித்துட்டார்" என்பாள். கேட்டவர்கள் ஹார்லனைப் பார்த்து இரக்கமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டு சந்தேகமும் இருப்பதாக அவருக்குத் தோன்றும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வருகிற திங்கட்கிழமை அவளை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். அதற்குள் மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போட்டுவிட வேண்டும். தன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே அவள் இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது. எழுபத்தெட்டு வயதில் அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

உருளைக்கிழங்குப் பாத்தி இருந்த இடம் இப்போது அவருடையதில்லை. பக்கத்து வீட்டு கிரெக் போல்மன் அதை வாங்கிப் புல்தரை போட்டுவிட்டார். மினசோட்டாவில் சில ஆண்கள் பெற்ற பிள்ளையைவிடப் புல்லை அக்கறையாக வளர்ப்பார்கள். கிரெக் அந்த ரகம். ஹார்லன் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மெட்டல் டிடெக்டர் வச்சு ஒரு தடவை பாக்கட்டுமா, கிரெக்? புல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

"தாராளமா பாருங்க. ஆனா குழி காபிக் கோப்பை அளவுக்கு மேல வேண்டாமே."

"சரி சரி. அதுவே ஜாஸ்தி."

இந்த ஊரில் ஒருவர் ஒன்றைச் சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்பது அநாகரிகம். விருந்தில் கேக்கின் கடைசித் துண்டை யாரும் தொடமாட்டார்கள். அது தட்டிலேயே காய்ந்துபோகும். ஹார்லன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

மெட்டல் டிடெக்டரை இரவல் கொடுத்தது, ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கும் லோர்னா. பழைய காசு தேடி அலைகிறவர்களுக்கான சாமான்களும் அவளிடம் உண்டு. தோண்டுவதற்கு ஏதாவது வேண்டுமென்று போனவர் முன்னால் இரண்டை எடுத்துப் போட்டாள். ஒன்று அகல அலகு வைத்த கைக்கருவி. மற்றது கத்தி மாதிரிக் குறுகலாக, விளிம்பெல்லாம் ரம்பப் பல்லோடு.

"கிடைக்கிறதுல பாதி எனக்கு, ஹார்லன். இப்பவே சொல்லிட்டேன்."

"கிடைக்கப்போறது ஒண்ணே ஒண்ணு. அதுல பாதி உனக்கு எதுக்கு?"

"சரி, அகலமானதை எடுங்க. சத்தம் வர்ற இடத்துல குத்தவே கூடாது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தள்ளிச் சுத்தி வெட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் வெட்டாம விடுங்க, புல்லு மூடி மாதிரித் திறக்கும். உள்ள இருக்கிறதை விரலால எடுங்க."

"கோப்பை அளவுதான்னு கிரெக் சொல்லிட்டாரே."

"திரும்பப் போய்க் கேளுங்க."

"ஒரு தடவை கேட்டாச்சே."

"இன்னொரு தடவை கேட்டா மனுஷன் கடிச்சா தின்னுடுவார்?"

ஹார்லன் குறுகலானதைக் கையில் எடுத்தார். "இதுதான் கோப்பைக்குள்ள நிக்கும்."

"அந்தப் பல்லு வேரை அறுக்கறதுக்கு. வேரு எது, மோதிரம் எதுன்னு அதுக்குத் தெரியாது."

"பாத்துச் செய்யறேன்" என்றார். அவர் பார்த்துச் செய்த லட்சணம் சனிக்கிழமை காலையில் தெரிந்தது.

முதல் ஏழு குழியிலும் பழைய பீர் டப்பாக்களை இழுத்துத் திறக்கும் வளையங்கள். தங்க மோதிரத்துக்கும் அந்த அலுமினிய வளையத்துக்கும் டிடெக்டர் ஒரே சத்தம்தான் போடும். அதனால் எதையும் விட முடியாது. எட்டாவது இடத்தில் மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. மழை பெய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்தினார். அலகு எதிலோ ஒரு கணம் தடுக்கியது. பிறகு சுலபமாக இறங்கியது.

மண்கட்டியை உடைத்தபோது மஞ்சளாகத் தெரிந்தது. மோதிரம்தான். ஆனால் ஒரு பக்கம் அறுபட்டுத் தூண்டில் முள் மாதிரி விரிந்து கிடந்தது. உள்பக்கம் செதுக்கியிருந்த ஆர்டிஸின் பெயரில்தான் பல் இறங்கியிருந்தது. முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் மிச்சம்.

கிரெக் கையில் காபியோடு வந்து குனிந்து பார்த்தார்.

"அடடா. கொஞ்சம் அகலமா வெட்டியிருக்கலாமே, ஹார்லன்."

"கோப்பை அளவுதான்னு சொன்னீங்க..."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது! கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"பரவாயில்லை" என்றார் ஹார்லன். பரவாயில்லை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. எட்டுக் குழியையும் மூடிக் காலால் மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்.

ஒட்டித் தருகிற நகைக்கடை பக்கத்து ஊரில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். குழாயடியில் கழுவி, குறடால் முடிந்தமட்டும் வளைத்து, சமையலறை மேசையில் அவள் முன்னால் வைத்தார்.

"உன் மோதிரம், ஆர்டிஸ். கிழங்குப் பாத்தியிலதான் கிடந்துச்சு."

அவள் அதை உள்ளங்கையில் வைத்து, வெகுநேரம் விரலால் தடவினாள். முகம் இளகியது. ஹார்லன் மேசைமேல் குனிந்தார்.

"ஐயோ பாவம். யாரோடதோ" என்றாள். "இப்படி உடைஞ்சுபோச்சே. தொலைச்சவ அழுதுக்கிட்டு இருப்பா. கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."

"உன்னோடதும்மா. உள்ள உன் பேரு இருக்கு, பாரு."

"என்னோடது முழுசால்ல இருந்துச்சு. அதைத்தான் நீங்க வித்துட்டீங்களே."

இத்தனை காலம் இல்லை இல்லை என்று சொல்லிவந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா, ஆர்டிஸ். வித்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. எட்டி அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அந்த மோட்டாராவது நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சு" என்றார் ஹார்லன்.