மாசித் தண்ணீர்

இஷ்ரத் பிறந்து வளர்ந்தது மூணாறில். அவள் அத்தா முகைதீன் பிச்சைக்கு அங்கே ஒரு மீன்பிடிச் சங்கத்தில் வேலை. டிரவுட் பிடிக்க வருகிறவர்களை மலையாற்றுக்குக் கூட்டிப்போய், எங்கே நின்று தூண்டில் வீச வேண்டும் என்று காட்டுவார். அந்த மீனுக்குப் புழு வைப்பதில்லை. கோழி இறகை முள்ளில் நூலால் கட்டி, பூச்சி மாதிரி செய்து, தண்ணீர்மேல் பட்டும் படாமலும் விழவைக்க வேண்டும். சிறுமியாக இருந்தபோதே இஷ்ரத்துக்கு அது கைவந்தது. ஆனி ஆடியில் ஆறு செம்மண்ணாக ஓடும். தூண்டிலைத் தொட முடியாது. ஐப்பசிக்குப் பிறகு மெல்லத் தெளியும். மார்கழிக் குளிரில் மீன் அடியிலேயே கிடக்கும். மாசி வெயிலில் பூச்சி பறக்கும், மீன் மேலே வரும்.

சிவகங்கைப் பக்கம் கல்லலுக்கு வாழ்க்கைப்பட்டு நாலு வருடமாயிற்று. கணவன் ஷாகிருக்குக் கத்தாரில் லாரி ஓட்டும் வேலை. லீவு ஆனியில்தான் கிடைக்கும். மாமி ஆபிதாவுக்கு மூச்சிரைப்பு. தனியே விட முடியாது. ஷாகிர் வந்தால்தான் இஷ்ரத் மூணாறு போகலாம். போன இரண்டு தடவையும் குடையோடு பாலத்தில் நின்று கலங்கல் வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

இந்தத் தை கடைசியில் அத்தா போன் செய்தார். "மாசியோட வேலை முடியுதும்மா. குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அன்று ராத்திரி இஷ்ரத் ஷாகிரிடம் போனில் கேட்டாள். "ஒரு நாலு நாள் போயிட்டு வரட்டா மச்சான்?"

"அம்மாவ யாரு பாக்குறது?" கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டான்.

பக்கத்தில் இருந்த ஆபிதா, "நானும் வாரேன். சம்மந்தியப் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள்.

மாசி பிறந்ததும் இருவரும் மூணாறு போனார்கள். ஆற்றங்கரைப் பாறையில் ஆபிதா கம்பளி போர்த்தி உட்கார்ந்தாள். இஷ்ரத் தண்ணீரில் இறங்கினாள். முதல் வீச்சு புதரில் சிக்கியது. கொஞ்ச நேரத்தில் கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. பாறை நிழலில் ஒரு மீன் எழும்பி வளையம் போட்டது.

"அவசரப்படாத," என்றார் அத்தா.

இறகுப் பூச்சி மிதந்து அந்த இடத்தை நெருங்கும்போது ஆபிதாவுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. இஷ்ரத் திரும்பிப் பார்த்தாள். மாமியின் உதடு வெளுத்திருந்தது.

"நீ பிடி புள்ள, எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் ஆபிதா, இழுத்து இழுத்து.

இஷ்ரத் நூலைச் சுற்றிவிட்டாள். மாமியின் வாயில் இன்ஹேலரை வைத்து, தோளைத் தாங்கி, மேலே ரோட்டில் நின்ற ஜீப்புக்கு நடத்திப் போனாள். குளிர் ஒத்துக்கொள்ளாததால் மறுநாளே ஊருக்குக் கிளம்பினார்கள்.

கிளம்பும்போது ஆபிதா அத்தாவிடம் சொன்னாள்: "தனியா எங்குட்டுப் போவீக? எங்க தெருவுல நம்ம வீடு ஒண்ணு பூட்டியே கெடக்கு. கல்லலுக்கே வந்துருங்க."

அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்த இஷ்ரத்தின் கை நின்றது. மூணாறுக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே காரணம் அத்தா. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமி மனசாரத்தான் கூப்பிட்டாள்.

பங்குனியில் அத்தா வந்துசேர்ந்தார். அன்றைக்கு ஷாகிர் போனில், "இனி ஒனக்கு அலைச்சலே இல்ல" என்றான்.

"ஆமா மச்சான்," என்றாள் இஷ்ரத். போனை அத்தா கையில் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.