துதியர் என்ற சொல்

ஞாயிறு காலை ஆறு ஐம்பதுக்கு லிங்கராஜபுரத்தில் எங்கள் மாதா கோயில் வாசலுக்கு வந்தேன். முதலில் கண்ணில் பட்டது மேஜைமேல் அடுக்கியிருந்த யூபிலி விழா மலர். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பதினோராம் பக்கத்தில் என் கட்டுரை இருந்தது. தலைப்புக்குக் கீழே என் நண்பனின் பெயர் இருந்தது.

முப்பது வருடம் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது வேலை. திருத்தியவன் பெயர் அச்சில் வராது. ஓய்வுக்குப் பிறகு என் பெயரில் ஒன்றாவது வர வேண்டும் என்று ஆசை. அதை அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். பாடகர் குழுவில் இருபது வருடமாக என் பக்கத்தில் நிற்பவன். மலருக்குப் பொறுப்பும் அவன்தான்.

கட்டுரை, ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட ஒரு ராஜாவைப் பற்றியது. ரோமாபுரிக்குத் திருயாத்திரை போவதாக நேர்ந்துகொண்டவர், நாட்டை விட்டு நகர முடியாமல், அதற்கு ஈடாக லண்டனுக்கு மேற்கே ஆற்றங்கரையில் பெரிய கோயில் கட்டினார் என்பார்கள். அதை அர்ச்சித்துத் திறந்த நாளில் அவர் படுத்த படுக்கை. சில நாட்களில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஆங்கிலத்தில் அவருக்குக் கன்ஃபெஸர் என்று பட்டம். தமிழில் துதியர்: ரத்தம் சிந்தாமல், வாழ்ந்தே விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னவர். மாதா பிரார்த்தனையில், உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளுக்கு அடுத்து வருகிற சொல்.

மலரில் அவர் 'பாவசங்கீர்த்தன ராஜா' ஆகியிருந்தார், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி. படிப்பவர்கள் அவர் செய்த பாவத்தைத் தேடுவார்கள்.

பூசை முடிந்ததும் அவனிடம் போனேன்.

"இன்னாப்பா இது?"

"துதியர்னு போட்டா யாருக்குப் புரியும்? துதிக்கை வெச்சவர்னு நெனப்பாங்க."

"அத கேக்கல. பேரு."

பாட்டுப் புத்தகத்தை மூடினான். "நீ லைஃப் பூரா பேப்பர்லயே இருந்தவன். எனக்கு இதான் ஃபர்ஸ்ட். பேரனுங்க பாக்கணும்ல. ஒரு வாட்டி விட்டுக் குடு."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன்.

மறுவாரம் பங்குச் சாமியார் 'பாவசங்கீர்த்தன ராஜா' தப்பு என்று சொல்லிவிட்டார். மறுபடி அச்சிட முடிவானது. அவன் ஃபைலை எனக்குத்தான் அனுப்பினான், "அந்த ஒரு வார்த்தை மட்டும் பாத்துடு" என்று. நான்கு இடத்தில் துதியர் என்று மாற்றித் திருப்பி அனுப்பினேன்.

புது மலரில் பதினோராம் பக்கத்தில் பிழை எதுவும் இல்லை. தலைப்புக்குக் கீழே அவன் பெயர் இருந்தது.