அத்தை விட்டுப்போன தூக்குப்போசி

போன வாரம் என் மகள் பரணிலிருந்து ஒரு பழைய தூக்குப் பாத்திரத்தை, எங்கள் பேச்சில் தூக்குப்போசியை, இறக்கிக்கொண்டு வந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். 'வீட்டிலிருந்தே சுற்றுச்சூழல் காப்போம்' என்று பள்ளியில் ஏதோ விழாவாம். வீட்டில் உபயோகமில்லாமல் கிடக்கும் ஒரு பொருளை அழகாக்கி எடுத்துவர வேண்டும். அதைக் கையில் பிடித்தபடி, தன் வீட்டில் சுற்றுச்சூழலைக் காக்கிற ஒருவரைப் பற்றி மேடையில் பேச வேண்டும். தூக்குப்போசியின் தூசியைத் துடைத்தவள், அதன் வயிற்றில் என் அப்பாவின் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டாள். "இது அப்புச்சியோடதாம்மா? அப்ப நான் அப்புச்சியப் பத்தியே பேசறேன்" என்றாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இந்த விழாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் பத்து நாளாக இதே பேச்சு. வீணான பொருள் வேண்டுமென்றால் வீட்டில் வீணானது ஏதாவது இருக்க வேண்டுமே? அதனால் எல்லோரும் கடைக்குப் போய் வீணான பொருள்களைப் புதிதாக வாங்கி வருகிறார்கள். தெர்மாகோல், பச்சை ஜிகினாத்தூள், பிளாஸ்டிக் இலை. எதிர்வீட்டுப் பெண், பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, குழந்தைக்குச் சளி பிடிக்குமென்று அத்தனையையும் சிங்க்கில் கொட்டிவிட்டு, காலி பாட்டிலை வெட்டிப் பூந்தொட்டி செய்தாள். அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். நாற்பது பேர் கைதட்டினார்கள். நானும் ஒரு கைதட்டல் போட்டேன். பிள்ளைகள் ஒரே வகுப்பு, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே.

திருப்பூரில் இருந்துகொண்டு வீணான பொருளுக்குக் கடைக்குப் போவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இந்த ஊரில் 'வேஸ்ட்' என்பது ஒரு சரக்கு. கட்டிங் டேபிளில் விழும் துண்டுத் துணிக்கு மூட்டைக் கணக்கில் வியாபாரம் நடக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தலையணை, கால்மிதி, அடுப்பு துடைக்கும் துணி, சைக்கிள் சீட்டுக்கு மெத்தை எல்லாமே பனியன் வேஸ்ட்தான். யாரும் எங்களை மேடை ஏற்றிப் பேசச் சொன்னதில்லை. நானும் ஒரு பனியன் கம்பெனியில்தான் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிறேன். சென்ற சீசனில் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று நெஞ்சில் ஆங்கிலத்தில் அச்சடித்த டீஷர்ட் ஆர்டர் ஒன்றை நானேதான் முடித்து அனுப்பினேன். அந்த எழுத்து சரியான நீலத்தில் வருவதற்குள் எத்தனை முறை துணியை மறுபடி சாயத்தில் போட்டோம் என்பதை உங்களிடம் சொல்லப்போவதில்லை.

மகள் தூக்குப்போசிக்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தாள். டப்பாவின் மூடியைத் திறந்ததும் ஒரு நெடி வந்தது பாருங்கள், அது என்னை நேரே அப்பாவின் சட்டையிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அப்பா ஆற்றோரத்தில் ஒரு சாயப்பட்டறையில் மேனேஜர். மாலையில் அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி வாசலில் நிற்பதற்கு முன்பே வாசனை உள்ளே வந்துவிடும். ஆசிட்டும் சாயத்துக்குப் போடுகிற ஹைட்ரோஸ் பவுடரும் வேர்வையும் கலந்த வாசனை. முட்டை அழுகியது மாதிரி இருக்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது அப்பா வந்துவிட்டார் என்கிற வாசனை, அவ்வளவுதான். அவர் நகக்கண்ணில் அன்றைய கலர் ஒட்டியிருக்கும். நாங்கள் அதைப் பார்த்து ஆற்றின் நிறத்தைச் சொல்வோம். மெரூன் என்றால் ஆறும் மெரூன். பள்ளிக்கூடம் போகிற வழியில் பாலத்தில் நின்று சரிபார்த்துக்கொள்வோம். நொய்யலில் தண்ணீருக்குத் தண்ணீர் நிறம் இருக்கும் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

வீட்டிலோ அப்பாவைப் போலத் தண்ணீரைக் காத்தவரை நான் பார்த்ததில்லை. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்கு, கை கழுவின தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்கு. சொம்பில் மிச்சம் வைத்தால் பிடித்து உட்காரவைத்துக் குடிக்கச் சொல்வார். தண்ணியை வீசுகிற ஊட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார். பல் தேய்க்கும்போது பைப்பைத் திறந்துவிட்டதற்காக என் காதை அவர் திருகியது இன்னும் வலிக்கிறது. இன்றைக்கும் இதே வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பேத்தி கை கழுவிவிட்டு வரும்போதெல்லாம் "பைப்பு?" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் ராகம்போட்டு "மூடியாச்சுங்க அப்புச்சி" என்பாள். மூன்று வயதிலிருந்து நடக்கும் விளையாட்டு. இப்படிப்பட்ட தாத்தாவைப் பற்றிப் பேசாமல் அவள் வேறு யாரைப் பற்றிப் பேசுவாள்?

அப்பாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மழைக்காகக் காத்திருப்பார். மேற்கே கருக்கல் கட்டினால் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். இடி கேட்டுவிட்டால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார். மழையிலும் கடமை தவறாத மனிதர் என்று அம்மா பெருமைப்படுவாள். பட்டறையில் துணி நனைந்துவிடும் போல, காப்பாற்றப் போகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஊரில் மற்ற குழந்தைகள் மழை வந்தால் கப்பல் விட்டார்கள். நான் அப்பாவின் கனத்த ரெயின்கோட்டை ஓடிப்போய் எடுத்துத் தருவேன்.

ஒரு நாள் டியூசனிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வரும்போதே மழை பிடித்துவிட்டது. வீட்டில் இறக்கிவிட நேரமில்லை என்று என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பின்பக்கம் நீளமான தொட்டி, அன்றாடம் ஆற்றில் விட்டது போகத் தேக்கிவைத்தது, விளிம்புவரை கலர்த்தண்ணீர். அப்பா குனிந்து ஒரு இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். வாய்க்காலில் கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் திமுதிமுவென்று பாய்ந்து, ஆற்றில் வந்த மழைவெள்ளத்தோடு கலந்தது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அழகாக இருந்ததால் கைதட்டினேன். எங்கேப்பா போகுது என்று கேட்டேன். "மழத்தண்ணியோட போயிருங் கண்ணு. நாளைக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார். சக்கரத்தை விட்டு நிமிர்ந்தவர், வாட்ச்மேன் கொட்டகைப் பக்கம் ஒரு பைப்பு சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மழையில் நனைந்தபடியே நடந்து போய் அதை இறுக்கி மூடினார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நல்ல தண்ணி இப்படியா வீணாகறது என்று திட்டினார். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். இத்தனை வருடம் கழித்து எனக்கு உறுத்துவது அந்தச் சக்கரம் இல்லை, அந்தப் பைப்புதான்.

மண்வாசனை என்று எல்லோரும் உருகுகிறார்களே, எனக்கு முதல் மழை என்றாலே ஹைட்ரோஸ் வாசனைதான் வரும். ஆபீஸில் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சைனஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. ஆறு பாய்ந்துபோகிற கீழ்ப்பக்கம், பட்டறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளித் தோட்டம். தென்னையும் கொஞ்சம் மஞ்சளும். மாதம் ஒரு தடவை அத்தை எங்கள் வீட்டுக்கு வருவார். பஸ் ஸ்டாப்பிலிருந்து சாக்குப் பையில் இளநீரைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே வருவார். வாயாடி. அம்மாவும் அத்தையும் சேர்ந்துவிட்டால் அப்பா வாசலுக்குப் போய்விடுவார். அந்த இளநீரில் மெல்ல ஒரு உப்புக் கரிப்பு ஏறியது. அப்புறம் காய் சிறுத்தது. அப்புறம் இளநீர் வரவில்லை, அத்தை மட்டும் வந்தார். கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்றார். அப்பா, மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அதைச் சொல்ல எப்படி நாக்கு வந்ததோ தெரியவில்லை. எல்லாப் பட்டறையும்தானே திறந்துவிடுகிறது, முதலாளி சொன்னால் நான் என்ன செய்யட்டும் என்று அம்மாவிடம் மட்டும் ஒரு முறை முணுமுணுத்தார்.

கடைசியாக அத்தை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் இந்தத் தூக்குப்போசி. அத்தையின் கல்யாணச் சீரில் அப்பா வாங்கிக் கொடுத்த பாத்திரம், அதனால்தான் அவர் பெயர் அதில் இருக்கிறது. எப்போதும் அதில் மோரோ கச்சாயப் பலகாரமோ கொண்டு வருவார் என்பதால் நான் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர். டீ டிகாஷன் நிறம், மேலே எண்ணெய் மாதிரி ஒரு மினுக்கம், தெரிந்த வாசனை. அப்பா வந்துவிட்டார் என்கிற வாசனை.

அத்தை அதை அப்பாவின் முன்னால் வைத்தார். அன்றைக்கு வாயாடவில்லை.

"நீங்கதான் ஒரு சொட்டுத் தண்ணி வீணாக்க மாட்டீங்களே. இதையுங் குடிச்சுப்போடுங்ண்ணா."

அப்பா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பொடக்காலிக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். வழக்கம்போலக் கறிவேப்பிலைச் செடியிடம் போய் நின்று ஊற்றச் சாய்த்தார். சாய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. செடியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் நாலு எட்டுத் தள்ளிப் போய்ச் சாக்கடையில் கொட்டினார். என் அப்பா தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உங்க செடிக்கு ஊத்த மனசு வர்லீங்களே" என்றார் அத்தை.

அவ்வளவுதான். அம்மா காபி கலந்து கொண்டுவருவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. தூக்குப்போசியை எடுத்துக்கொள்ளவும் இல்லை. பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி வைத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தமென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து, பிறகு பரணில் ஏற்றிவிட்டாள். என் கல்யாணத்துக்கு அத்தை மண்டபத்துக்கு வந்தார், என் தலையில் அரிசி போட்டு ஆசீர்வாதம் செய்தார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். தென்னையை வெட்டித் தோட்டத்தை விற்றபோதும் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் வீட்டு மனைகள். 'பசுமைச் சூழலில்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு தென்னை மரத்தைப் படமாகவும் போட்டிருக்கிறார்கள்.

சரி, விழாவுக்கு வருகிறேன். மகள் நோட்டும் பேனாவுமாக அப்புச்சியிடம் பேட்டி எடுக்க உட்கார்ந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டே கேட்டேன். அப்பா உற்சாகமாகச் சொன்னார். ஒரு வாளி, அரிசித் தண்ணீர், கறிவேப்பிலை, ஒன்றையும் விடவில்லை. தூக்குப்போசியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டிப் பாத்திரம், வீணாக்காமல் வைத்திருக்கிறோம் பார் என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று அவர் முகத்தை எட்டிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் கடைசியாக, வேலை செய்த இடத்திலும் இப்படித்தான் தண்ணீரைக் காத்தீர்களா என்று கேட்டாள்.

"அங்கயும் ஒரு பைப்பச் சொட்ட உட்டதில்ல கண்ணு" என்றார் அப்பா.

அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவள் இதை மனப்பாடம் செய்து மேடையில் சொல்லுவாள், ஹால் முழுக்கக் கைதட்டும். அத்தை விட்டுவிட்டுப் போன பாத்திரம் அவள் கையில் பச்சைப் பெயின்ட்டோடு இருக்கும். மகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். சக்கரத்திலிருந்து சாக்கடைவரை எல்லாவற்றையும் சொன்னேன். அப்புச்சி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் பாடுபட்டேன் என்பதுதான் சரி. அவள் தண்ணீர் டேங்கில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அழவில்லை. "அந்தத் தண்ணி கெட்டதுன்னு தெரிஞ்சுதான் செடிக்கு ஊத்தலீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில், தூக்குப்போசி வேண்டாம், ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வாங்கிக் கொடு என்றாள். கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தேன். அதை வெட்டி ஒரு பூந்தொட்டி செய்து, மரம் நடுவதைப் பற்றி எல்லோரையும் போல ஏதோ பேசிவிட்டு வந்தாள். சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், லேமினேஷன் செய்து. பாதி பெயின்ட் அடித்த தூக்குப்போசியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். அத்தை இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பது என்றும் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மகள் விளையாடிவிட்டு வந்து கை கழுவினாள். நாற்காலியிலிருந்து அப்பா, "பைப்பு?" என்றார். பதில் வரவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கக் கேட்டார். அவள் திரும்பிப் போய், ஏற்கனவே மூடியிருந்த பைப்பை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, அவரைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். அப்பா கதவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"மூடியாச்சுங்கப்பா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.